கிணற்றுப் பம்பும் ஜெட் படகும்

மல்லாங்கிணறு என்ற ஊரின் பெயரிலேயே ஒரு கிணறு இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை ஒட்டிய இந்த மானாவாரிப் பூமியில் ஆறு என்றால் குண்டாறுதான். அதில் தண்ணீர் ஓடும் நாட்களைவிட மணல் தெரியும் நாட்களே அதிகம். மழை பெய்தால் கண்மாய் நிரம்பும். இல்லையென்றால் கிணறுதான் கதி. இத்தகைய ஊரில் வளரும் மாணவர்களுக்கு விசைப்படகைப் பற்றி என்ன தெரியப்போகிறது என்று யாரேனும் கேட்கலாம்.

அன்பு மாணவர்களே, அப்படிக் கேட்பவருக்கு நீங்கள் தயங்காமல் விடை சொல்லலாம். உலகில் ஓடும் விசைப்படகுகளில் ஒரு வகையின் இயந்திரம் உங்களுக்கு நன்கு பழக்கமானது. அது உங்கள் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பம்புசெட்டேதான்! அந்தப் பம்பைப் படகுக்குள் படுக்கவைத்தால் ஜெட் படகு கிடைக்கும்.

விசைப்படகுகளில் இரண்டு வகைகள் முக்கியமானவை. ஒன்று, நீருக்குள் சுழலும் விசிறியால் ஓடுவது. இந்த விசிறியைப் புரொப்பெல்லர் என்பார்கள். மற்றது, நீரை உறிஞ்சிப் பின்புறம் பீறிட்டடிக்கும் ஜெட் படகு. இவற்றில் எது சிறந்தது? வேலையைச் சொல்லாமல் இதற்கு விடை கூற முடியாது. எனவே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். அது வெளிநாட்டு ஏரிகளில் இன்று பரவியிருக்கும் ஒரு விளையாட்டு: படகின் பின்னால் எழும் அலையில் பலகை மேல் நின்று சறுக்குவது. இதில் மனிதர் ஒருவர் படகுக்கு மிக அருகில், அதன் பின்புறத்திலேயே இருக்கிறார். படகைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் அவருடைய கைகால்களுக்கும் உயிருக்கும் ஆபத்து. ஆகவே இது வெறும் விளையாட்டுக் கேள்வி அன்று.

கூடவே வரும் சரிவு

கடல் அலையில் சறுக்கும் விளையாட்டைக் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் காணலாம். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் பன்னாட்டு வீரர்கள் கலந்துகொண்ட போட்டியே நடந்தது. கடல் இல்லாத இடத்தில் அலைக்கு எங்கே போவது? அதற்குத்தான் படகு.

படகு மிதக்கும்போது தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது. இது ஆர்க்கிமிடீஸ் விதி. படகு முன்னே ஓடும்போது, விலகிய நீர் பின்புறம் வந்து மீண்டும் கூடுகிறது. கூடும் வேகத்தில் மேலெழுந்து அலையாகிறது. படகு கனமானால் விலகும் நீர் அதிகம், அலையும் பெரிது. இதற்காகவே இவ்விளையாட்டுப் படகுகளில் தொட்டிகளும் பைகளும் வைத்து, ஒரு டன்னுக்கு மேல் கூட நீரை நிரப்பிக்கொள்கிறார்கள். எடையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால், ஒரு பக்கத்து அலை ஒழுங்காகவும் உயரமாகவும் அமைகிறது.

இந்த அலைக்கு ஒரு சிறப்பு உண்டு. அது படகின் வேகத்திலேயே படகைப் பின்தொடர்ந்து வருகிறது. அதன் முன்புறம் ஒரு சரிவு. பலகையில் நிற்பவர் அந்தச் சரிவில் கீழ்நோக்கிச் சறுக்குகிறார். ஆனால் சரிவும் முன்னேறிக்கொண்டே இருப்பதால் அவர் அடிவாரத்தை அடைவதே இல்லை. தொடக்கத்தில் எழுந்து நிற்க மட்டும் ஒரு கயிறு தேவை. பிறகு கயிற்றை விட்டுவிடலாம். புவியீர்ப்பு விசையே அவரை ஓட்டிச் செல்லும்.

வேகமும் சரியாக இருக்க வேண்டும். ஆழமான நீரில் அலையின் நீளம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் செல்லும் படகைத் தொடரும் அலையின் நீளம் ஏறத்தாழ 5 மீட்டர். 18 கி.மீ. எனில் 16 மீட்டர். 36 கி.மீ. எனில் 64 மீட்டர்! அந்த வேகத்தில் படகும் நீரைக் கிழித்துச் செல்லாமல் நீரின் மேல் ஏறி வழுக்கத் தொடங்கிவிடும்; அலை தட்டையாகிவிடும். சறுக்குவதற்குச் செங்குத்தான, உயரமான அலை வேண்டும். அது மணிக்கு 16 முதல் 20 கி.மீ. வரையிலான வேகத்தில் கிடைக்கிறது. சைக்கிளை விரைவாக மிதித்தால் எட்டிவிடக்கூடிய வேகம்தான்.

எனவே நமக்கு வேண்டிய படகு கனமானது, மெதுவாகச் செல்வது. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு இயந்திரத்தைப் பார்ப்போம்.

இரண்டும் நீரைத்தான் தள்ளுகின்றன

நியூட்டனின் மூன்றாம் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர் விசை உண்டு. விசிறிப் படகாயினும் ஜெட் படகாயினும் நீரைப் பின்னால் தள்ளுகிறது. நீர் படகை முன்னால் தள்ளுகிறது. வேற்றுமை, எவ்வளவு நீரை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்பதில்தான்.

விசிறி திறந்த நீரில் சுழல்கிறது. அதன் இதழ்கள் மின்விசிறியின் இறக்கைகளைப் போலச் சற்றே சாய்ந்தவை. அது சுழலும்போது அகன்ற நீர்த்தூண் ஒன்று பின்னோக்கி மெதுவாக நகர்கிறது.

ஜெட் படகில் அடிப்பாகத்தில் ஒரு வாய் உண்டு. கிணற்றில் புட்வால்வுக்குச் சல்லடை இருப்பதைப் போல, அந்த வாய்க்கும் கம்பிச் சட்டம் போட்டிருப்பார்கள். உள்ளே சென்ற நீரை இம்பெல்லர் என்னும் சுழலி வேகப்படுத்துகிறது. படகின் பின்புறத்தில் உள்ள குறுகிய மூக்கு வழியாக நீர் தாரையாகப் பீறிடுகிறது. உங்கள் பம்பில் டெலிவரி குழாய் வாய்க்காலை நோக்கியிருக்கிறது. இங்கே படகின் பின்புறத்தை நோக்கியிருக்கிறது. அவ்வளவுதான் வேற்றுமை. (ஆழ்குழாய்க் கிணறுகளில் ‘ஜெட் பம்பு’ என்று ஒன்று உண்டு. பெயர் ஒன்றானாலும் அது வேறு. அதில் நீர்த்தாரை, கிணற்று நீரை மேலே இழுக்க உதவுகிறது.)

இந்த எண்ணம் புதியதன்று. 1787இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ரம்சே என்பவர், நீராவியால் இயங்கும் பம்பு ஒன்றைக் கொண்டு படகு ஓட்டிக் காட்டினார். ஆனால் அதை நடைமுறைக்கு ஏற்ற இயந்திரமாக ஆக்கியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த பில் ஹாமில்டன். இவர் ஆட்டுப்பண்ணை வைத்திருந்தவர். அப்பகுதி ஆறுகள், சரளைக் கற்களுக்கு இடையே பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் ஆழமற்ற ஆறுகள். விசிறிப் படகு அங்கே கல்லில் மோதி உடையும். 1950களின் முற்பகுதியில் ஹாமில்டன் பம்பால் ஓடும் படகைச் செய்து, அந்த ஆறுகளில் ஏறிச் சென்றார். தாரை வெளிப்படும் மூக்கை நீர்மட்டத்துக்கு மேலே வைத்தபோது படகின் வேகம் நன்கு கூடியதையும் அவர் கண்டார்.

கணக்கு யார் பக்கம்?

இப்போது ஒரு சிறு கணக்கு. தள்ளும் விசையைக் காண, ஒரு வினாடியில் தள்ளப்படும் நீரின் நிறையை, அது பெறும் வேகத்தால் பெருக்க வேண்டும். ஆனால் அந்த நீருக்குக் கொடுக்க வேண்டிய திறன், நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. இந்த ‘வர்க்கம்’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

நின்றுகொண்டிருக்கும் படகுக்கு 1000 நியூட்டன் விசை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை இரண்டு வழிகளில் பெறலாம்.

முதல் வழி: வினாடிக்கு 100 கிலோ நீரை, வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் தள்ளுதல். திறன் 5000 வாட்.

இரண்டாம் வழி: வினாடிக்கு 500 கிலோ நீரை, வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தள்ளுதல். திறன் 1000 வாட்.

விசை ஒன்றே, செலவோ ஐந்து மடங்கு வேற்றுமை! நிறைய நீரை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம். இது விசிறியின் வழி. குறைந்த நீரை வேகமாகத் தள்ளுவது ஜெட்டின் வழி.

அப்படியானால் ஜெட் எப்போதுமே வீண்தானா? இல்லை. படகு ஓடத் தொடங்கியதும் கணக்கு மாறுகிறது. பின்னால் செல்லும் நீரின் வேகம் படகின் வேகத்துக்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறதோ அவ்வளவுக்கு வீண் செலவு குறையும். படகு வினாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் செல்கிறது என்போம். படகிலிருந்து பார்க்கும்போது விசிறி நீரை 7 மீட்டர் வேகத்தில் தள்ளினால், உராய்வு முதலிய இழப்புகளை விட்டுவிட்டுப் பார்க்க, நீருக்குக் கொடுத்த ஆற்றலில் 83 விழுக்காடு படகுக்குப் பயன்படும். ஜெட் 15 மீட்டர் வேகத்தில் பீறிட்டால் பாதிதான் பயன்படும். அதே ஜெட் படகு வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பறந்து, தாரையின் வேகம் 22 மீட்டராக இருந்தால் 81 விழுக்காடு பயன்படும். மெதுவான ஓட்டத்தில் விசிறியும், அதிவேக ஓட்டத்தில் ஜெட்டும் பொருந்துவது இதனால்தான்.

அதிவேகத்தில் விசிறிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அதை உங்கள் கிணற்றடியிலேயே அறியலாம். கோடையில் நீர்மட்டம் இறங்கிவிட்டால், மேலே இருக்கும் பம்பு நீரை இழுக்கத் திணறும். காற்றழுத்தம் நீரை 10 மீட்டர் உயரத்துக்குச் சற்று மேல் வரைதான் தூக்கிவிட முடியும். நடைமுறையில் ஏழெட்டு மீட்டர். அதனால்தான் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கி வைக்கிறோம். எல்லையை நெருங்கும்போது பம்புக்குள் அழுத்தம் மிகவும் குறைந்து, நீர் சூடாகாமலேயே கொதித்துக் குமிழிகளாகிறது. அக்குமிழிகள் உடையும்போது சரளைக்கல் உருளுவது போல ஓசை கேட்கும். இம்பெல்லரில் அம்மைத் தழும்பு போல் குழிகள் விழும். அதிவேகமாகச் சுழலும் படகு விசிறியின் இதழ்களிலும் இதுவே நிகழ்கிறது. இதனால் விசிறியின் பிடிப்புக் குறைகிறது, இதழ்களும் அரித்துப்போகின்றன.

கங்கையில் ஜெட், பாக் நீரிணையில் விசிறி

நம் நாட்டிலேயே இதற்குச் சான்றுகள் உள்ளன. 1953இல் எவரெஸ்ட் சிகரத்தில் டென்சிங்குடன் ஏறிய எட்மண்ட் ஹில்லாரி, 1977இல் கங்கையின் முகத்துவாரத்திலிருந்து இமயத்தை நோக்கி ஆற்றை எதிர்த்துப் பயணம் செய்தார். ‘கடலிலிருந்து வானுக்கு’ என்பது அப்பயணத்தின் பெயர். அவருடைய குழுவினர் மூன்று ஜெட் படகுகளில் சென்றார்கள். காசியையும் ஹரித்துவாரையும் கடந்து, பாறைகளுக்கிடையே சீறிப்பாயும் வெள்ளத்தில் ஏறினார்கள். இறுதியில் நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி குறுக்கிட்டது. அதற்கு மேல் நடைப்பயணம். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் விசிறியோடு அத்தகைய பாறைகளுக்கு மேல் ஏறியிருக்க முடியாது.

இந்தியக் கடற்படையின் ‘கார் நிக்கோபார்’ வகை ரோந்துக் கப்பல்களும் ஜெட்டால் ஓடுபவையே. இவ்வகையின் முதற்கப்பல் 2009இல் பணியில் சேர்ந்தது. கொல்கத்தாவில் கட்டப்பட்ட இக்கப்பல்களில் மூன்று நீர்த்தாரை இயந்திரங்கள் உள்ளன. இவை மணிக்கு 30 கடல் மைலுக்கு மேல், அதாவது 55 கி.மீ.க்கும் அதிகமான வேகத்தில் விரையும்.

ஆனால் இராமேசுவரம் பக்கம் சென்று பாருங்கள். மீன்பிடி விசைப்படகுகள் விசிறியால்தான் ஓடுகின்றன. வலையை இழுக்கும்போது வேகம் வேண்டாம், இழுவிசைதான் வேண்டும். டீசலும் மிச்சமாக வேண்டும். கரையில் ஏற்றும் கண்ணாடியிழைப் படகுகளிலோ, நீண்ட தண்டின் முனையில் விசிறியைப் பொருத்தியிருப்பார்கள். ஆழம் குறைந்ததும் தண்டைத் தூக்கிவிடலாம். ஆழமற்ற நீர் என்ற அதே சிக்கலுக்கு நம் மீனவர்களிடம் உள்ள மலிவான விடை இது.

சறுக்குபவருக்கு எது?

இனி நம் கேள்விக்கு வருவோம். படகு கனமானது, வேகம் மணிக்கு 18 கி.மீ. கணக்கின்படி விசிறிக்கே வெற்றி. மேலும் ஜெட்டின் தாரை, நீர்மட்டத்தை ஒட்டிப் பாய்ந்து பின்னலையை நுரையாகக் கலக்கிவிடுகிறது. சறுக்குவதற்கு வேண்டியது வழவழப்பான சரிவு. நுரையில் பலகைக்குப் பிடிப்பு இல்லை.

ஆனால் சறுக்குபவர் எங்கே இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். படகின் பின்விளிம்பிலிருந்து சில மீட்டர் தொலைவில்! கயிறும் கையில் இல்லை. படகைப் பின்னோக்கி இழுத்தாலோ, அவர் படகின் மேல் ஏற முயலும்போது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தாலோ, விசிறியின் இதழ்கள் அரிவாளைப் போல வெட்டும். ஆகவே, விசிறி பின்விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் படகின் பின்னால் ஒருபோதும் சறுக்கக் கூடாது. படகின் பின்சுவரில் மோட்டாரை மாட்டியிருக்கும் சாதாரணப் படகுகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி, விசிறியை இடம் மாற்றியது. இயந்திரத்தைப் படகின் பின்பகுதிக்குள் வைத்து, அதன் தண்டை முதலில் முன்னோக்கிச் செலுத்தி, பற்சக்கரங்களால் V எழுத்தைப் போலத் திருப்பி, அடிப்பாகத்தின் வழியே பின்னோக்கி வெளியே கொண்டுவருகிறார்கள். விசிறியும் அதன் பின்னுள்ள சுக்கானும் படகின் வயிற்றுக்கு அடியில், பின்விளிம்புக்கு உட்புறமாக மறைந்துவிடுகின்றன. இயந்திரத்தின் எடை பின்னால் இருப்பதால் அலையும் பெரிதாகிறது. 2015இல் ஸ்வீடன் நாட்டு வால்வோ பென்டா நிறுவனம் வேறு ஒரு வழியைக் காட்டியது. அதில் விசிறிகள் முன்னோக்கி இருந்து படகை இழுத்துச் செல்கின்றன.

ஜெட் படகில் வெளியே இதழே இல்லை. கீழே விழுந்தவருக்கு வெட்டுக்காயம் ஏற்படாது. ஆயினும் ஜெட் முற்றிலும் சாது என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கும் மூன்று குறைகள் உண்டு.

முதலாவது, நீர் பீறிட்டால்தான் படகு திரும்பும். மூக்கைத் திருப்பித்தான் படகைத் திருப்புகிறார்கள். எதிரே ஆள் தெரிந்ததும் பயந்துபோய் விசையைக் குறைத்தால், படகு திரும்பாமல் நேரே போய் மோதும். நீர்ஸ்கூட்டரிலும் இதே ஆபத்துதான்.

இரண்டாவது, தாரை நேராக உடலில் பட்டால் உள்ளுறுப்புகளுக்கே காயம் ஏற்படலாம். அடிவாயின் அருகே தலைமுடியும் கயிறும் உறிஞ்சப்படலாம்.

மூன்றாவது, பாசி, ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் பை ஆகியவை வாயை அடைத்துக்கொள்ளும். மணல் இம்பெல்லரைத் தேய்த்துவிடும். கிணற்றில் மணல் ஊறினால் பம்பு படும் பாடு உங்களுக்குத் தெரியாததா?

இவை தவிர, பெட்ரோல் இயந்திரம் உள்ள எந்தப் படகானாலும் பின்புறத்தில் புகை வருகிறது. அதில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மெதுவாகச் செல்லும் படகின் பின்படியைப் பிடித்துத் தொங்குபவர், காரணம் தெரியாமலே மயங்கி நீரில் மூழ்கிவிடலாம். மிதவை அங்கி அணிவதும், பின்படியில் தொங்காமலிருப்பதும் கட்டாயம்.

தொகுத்துப் பார்ப்போம்

அலையில் சறுக்குவதையே முதல் நோக்கமாகக் கொண்டு ஆழமான ஏரியில் ஓட்டுவதானால், விசிறி வயிற்றுக்கு அடியில் மறைந்துள்ள படகே ஏற்றது. நீர் ஆழமில்லாமல் கல்லும் மணல்மேடும் இருந்தாலும், படகைச் சுற்றி நீந்துவோர் பலர் இருந்தாலும் ஜெட் நல்லது. அலை சற்றுச் சிறிதாகும், எரிபொருள் அதிகம் செலவாகும். விசிறி பின்னால் நீட்டியிருக்கும் படகு மீன்பிடிக்கவும் பயணம் செய்யவும் உதவும். சறுக்குவதற்கு அதைத் தொடக் கூடாது.

நிரம்பிய கண்மாயில் இப்படிப் படகு விட்டால் என்ன என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். பெரிய அலை வேண்டும் என்றுதானே படகையே கனமாக்குகிறோம்? அந்த அலை ஆளைத் தாண்டிப் போய்க் கரையில் மோதுகிறது. சறுக்குப் படகின் அலை, மற்றப் படகுகளின் அலை அளவுக்குத் தணிய வேண்டுமானால், அது கரையிலிருந்து 150 மீட்டருக்கும் அப்பால் செல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. நம் கண்மாய்க் கரைகள் பெரும்பாலும் மண் கரைகள். விளையாட்டுக்காகக் கரையை அரிக்கவிட்டால், பாசனத்துக்கு நீர் எங்கே?

செய்து பாருங்கள்

படகு இல்லாமலேயே இந்தப் பாடத்தைச் சோதிக்கலாம். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கிணற்று விளிம்பிலிருந்து விலகி நின்று, பம்பின் டெலிவரி குழாய் 200 லிட்டர் பீப்பாயை எத்தனை வினாடிகளில் நிரப்புகிறது என்று பாருங்கள். 40 வினாடி என்றால் வினாடிக்கு 5 லிட்டர், அதாவது 5 கிலோ. குழாயின் உள்விட்டம் 5 செ.மீ. என்றால் அதன் வாயின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர செ.மீ.; நீரின் வேகம் வினாடிக்கு 2.5 மீட்டர். தள்ளு விசை 12.5 நியூட்டன். ஒன்றேகால் கிலோ எடை கையை அழுத்துவதற்கு இது சமம். முனையில் வளையும் குழாயை மாட்டிப் பிடித்தால், அது பின்னோக்கித் தள்ளுவதை உணர்வீர்கள். ஜெட் படகை ஓட்டும் விசை அதுவே.

இப்போது குழாயின் வாயைப் பாதியாகச் சுருக்குகிறீர்கள். அதே அளவு நீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விசை எத்தனை மடங்காகும்? தாரைக்குத் தேவையான திறன் எத்தனை மடங்காகும்? இரண்டு விடைகளும் ஒன்றாக இரா. ஏன் என்று உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் விளக்கிக் காட்டுங்கள். உண்மையான பம்பில் வாயைச் சுருக்கினால் நீரின் அளவும் சற்றுக் குறையும். எவ்வளவு குறைகிறது என்பதை அதே பீப்பாயைக் கொண்டு நீங்களே அளந்து கண்டுபிடியுங்கள்.